கொட்டகையும் எதிர்க்கடையும்: செட்டிநாட்டுத் திரையரங்குகள், சாலையோரப் பழைய கடைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள சாலைகளில் இன்னும் திறந்திருக்கும் பழைய கடைகளைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். திரைப்படத்தைத் திரையரங்கில்தான் பார்க்க வேண்டும் என்று இன்றும் நினைப்பவன். இவ்விரண்டைப் பற்றியும் நண்பர்களும், கேமராவை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் இளைஞர்களும், விடுமுறைக்குப் பூர்வீக வீட்டுக்கு வந்து போகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

திரையரங்கில் படும் அவதியையும் பழைய கடைகளைப் படமெடுப்பதையும் ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் அவை ஒன்றை ஒன்று நம்பிப் பிழைத்தவை. ஊரின் ஓரத்தில் ஒரு கொட்டகை எழுந்தால் அதன் எதிரே டீக்கடை வரும்; பிறகு வெற்றிலை பாக்குக் கடை, கோலி சோடாக் கடை, சைக்கிள் நிறுத்துமிடம், இரண்டாம் ஆட்டம் விடும் நேரத்தில் பரோட்டா போட்டுக் கொடுக்கும் கடை என்று ஒரு தெருவே உருவாகும். சலூன் சுவரிலும் டீக்கடைத் தட்டியிலும் சுவரொட்டி ஒட்ட இடம் கொடுத்தவர்களுக்குக் கொட்டகையிலிருந்து பாஸ் போகும். இடைவேளையில் உள்ளூர் ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை ஆகியவற்றின் பெயர்கள் கையால் வண்ணம் தீட்டிய கண்ணாடி ஸ்லைடுகளில் திரையில் தெரியும். மூடிப்போன சில கடைகள் இருந்தன என்பதற்கு இன்று அந்தக் கண்ணாடித் துண்டைத் தவிர வேறு சான்றே கிடையாது. கொட்டகையின் 'இன்று முதல்' பலகையை எழுதிய அதே கைதான் எதிர்க்கடையின் பெயர்ப் பலகையையும் எழுதியது.

ஆகவே, திரையரங்குக்கு மக்கள் ஏன் போவதில்லை என்று கேட்பவர், எதிரே உள்ள சோடாக் கடை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். முதல் கேள்விக்கான விடை அரங்கின் உள்ளே இருக்கிறது. அதன் விளைவைச் சாலையில் பார்க்கலாம்.

செட்டிநாடு என்றாலே மாளிகைகள்தானே? அவற்றை விட்டுவிட்டு டீக்கடையையும் பஞ்சர் கடையையும் ஏன் எடுக்க வேண்டும்?

மாளிகைகளை எடுப்பதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கானாடுகாத்தானுக்கு வரும் ஒவ்வொரு பயணியும் தேக்குத் தூணையும் முகப்பையும் எடுத்துச் செல்கிறார். அந்த வீடுகளைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அந்த வீட்டுக்கு அரிசி அரைத்துக் கொடுத்த ஆலை, எண்ணெய் ஆட்டிக் கொடுத்த செக்கு, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டிய கொல்லுப் பட்டறை ஆகியவற்றைத்தான் யாரும் எடுக்கவில்லை. ஆத்தங்குடித் தளக்கல் செய்யும் பட்டறைகளும் என் கணக்கில் சாலையோரத் தொழில்தான். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுக விடுகிறார்கள். அந்தக் கல் பதித்த கூடத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்காவது அதை ஊற்றியவர் உட்கார்ந்திருக்கும் பட்டறைக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

எந்தச் சாலைகளில் தொடங்கலாம்?

தேவகோட்டை ரஸ்தாவில் தொடங்குங்கள். இன்று சாதாரணப் புறநகர்ச் சாலையாகத் தெரியும் அந்தப் பகுதியில்தான், காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1940களின் நடுவில் ஏவி.எம். ஸ்டூடியோவை நடத்தினார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்டது. 1948இல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்குப் போனது. திரைப்படம் எடுத்த ஊர், திரைப்படம் காட்டிய ஊர் என்ற இரண்டு வரலாறும் ஒரே சாலையில் இருப்பதால், படமெடுக்கக் கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்ததாக கோட்டையூர், கண்டனூர் வழியாகப் புதுவயல் போகும் சாலையைச் சொல்வேன். புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது; ஆலைகளின் புகைபோக்கிகளையும் நெல் காயும் களங்களையும் நம்பி எடைமேடை, சாக்குக் கடை, லாரிப் பட்டறை, ஓட்டுநர்களுக்கான சாப்பாட்டுக் கடை என்று ஒரு வரிசையே பிழைக்கிறது. குன்றக்குடிச் சாலையில் பக்தர்கள் கூட்டத்தை நம்பிய கடைகளைக் காணலாம். காரைக்குடி 2024இல் மாநகராட்சியான பிறகு, சுற்றியுள்ள ஊர்களின் ஓரங்கள் வேகமாக மாறி வருகின்றன. சாலை அகலமாகும் இடத்தில் முதலில் போவது கடையின் முன் தாழ்வாரம். பிறகு பெயர்ப் பலகை. அதன் பிறகு கடை. இந்த வரிசையை நினைவில் வைத்து, தாழ்வாரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

திரையரங்கில் படம் மங்கலாகத் தெரிகிறது. என் கண்ணில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. டிஜிட்டல் திரையிடலுக்கான உலகத் தரத்தின்படி, வெறும் வெள்ளை ஒளியைத் திரையில் பாய்ச்சினால் அதன் நடுவில் ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும். இது குறைவதற்குக் காரணங்கள் பல. ப்ரொஜெக்டரில் உள்ள செனான் விளக்கு பழையதாக ஆக அதன் ஒளி குறைந்துகொண்டே போகும். புது விளக்கின் விலைக்கு அஞ்சி, மாற்ற வேண்டிய காலம் கடந்தும் ஓட்டுவார்கள், அல்லது மின்னோட்டத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். முப்பரிமாணப் படத்துக்காக லென்சின் முன் வைத்த வடிகட்டியை, சாதாரணப் படம் ஓடும்போதும் எடுக்காமல் விட்டுவிட்டால் ஒளியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். முப்பரிமாணப் படத்துக்கென்று போட்ட வெள்ளித் திரையில் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரங்கள் இருண்டும் தெரியும். இவை எதுவும் இல்லையென்றால், ஆபரேட்டர் அறையின் ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூசியாக இருக்கலாம். மழை குறைந்த எங்கள் செம்மண் பூமியில் அந்தக் கண்ணாடியை நாள்தோறும் துடைத்தாக வேண்டும்.

திரையின் மேலும் கீழும் அல்லது இருபுறமும் சாம்பல் நிறப் பட்டை தெரிவது வேறு குறை. அகலமான படங்கள் 2.39:1 என்ற அகல உயர விகிதத்திலும் மற்றவை 1.85:1 என்ற விகிதத்திலும் வருகின்றன. முன்பெல்லாம் படத்தின் அளவுக்கேற்பக் கறுப்புத் திரைச்சீலையை நகர்த்தி அந்த வெற்றிடத்தை மூடுவார்கள். சீலையை நகர்த்த ஆள் வைக்காததால் இன்று பல இடங்களில் அது நின்றுபோயிற்று. சிறிய விஷயம் என்று சொல்வார்கள். இருண்ட காட்சிகளில் அந்தப் பட்டை கண்ணை எப்படி உறுத்துகிறது என்பது உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

முதல் நாள் முதல் காட்சிக்குப் போனோம். நெடுநேரம் காக்க வைத்துவிட்டு, காட்சி ரத்து என்றார்கள். ஏன் இப்படி நடக்கிறது?

படச்சுருள் காலத்தில் பெட்டி வந்ததா என்று கேட்பார்கள். இன்று சாவி வந்ததா என்று கேட்க வேண்டும். படம் ஹார்டு டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ முன்கூட்டியே அரங்கை அடைந்துவிடும், ஆனால் பூட்டியபடி இருக்கும். குறிப்பிட்ட அரங்கின் குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட தேதி நேரத்துக்குள் மட்டும் அதைத் திறக்கும் கே.டி.எம். என்ற மின்னணுச் சாவி தனியாக வரும். தயாரிப்பாளருக்கும் கடன் கொடுத்தவருக்கும் வெளியீட்டாளருக்கும் இடையே கணக்கு முடியாதபோது அந்தச் சாவியை விடுவிக்க மாட்டார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் கத்துவதால் பயனில்லை. அவரும் உங்களைப் போலவே காத்திருக்கிறார். சீட்டுப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. இணையத்தில் பதிவு செய்திருந்தால் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒலி சில இடங்களில் காதைக் கிழிக்கிறது, சில இடங்களில் வசனமே கேட்பதில்லை. எது சரி?

ஒலிக் கலவை செய்பவர்கள், அரங்கின் ஒலியளவுக் குமிழ் 7 என்ற எண்ணில் இருக்கும் என்று கருதியே வேலை செய்கிறார்கள். படம் கூச்சலாக இருக்கிறது என்று புகார் வந்ததும் ஆபரேட்டர் குறைத்துவிடுகிறார். அடுத்து வரும் அமைதியான படத்திலும் குமிழ் அங்கேயே நிற்பதால் வசனம் மூழ்கிப் போகிறது. இடைவேளையில் மேலாளரைப் பார்த்து, எந்தக் காட்சியில் எது கேட்கவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பொதுவாகக் குறை சொல்பவரைவிட, குறிப்பாகச் சொல்பவரின் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

குடிக்கத் தண்ணீர்கூட உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. இது சரியா?

வெளி உணவைத் தடுக்கும் உரிமை அரங்க உரிமையாளருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியது. அதே தீர்ப்பில், சுகாதாரமான குடிநீரை அரங்கில் இலவசமாக வைக்க வேண்டும் என்றும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் எடுத்து வரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் கூறப்பட்டிருக்கிறது. முதல் பாதியை மட்டும் எழுதி மாட்டியிருக்கும் இடங்களில் இரண்டாம் பாதியை எடுத்துச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே திரையரங்கு உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். தண்ணீர், கழிப்பறை, அவசர வழி ஆகியவை குறித்து அவருக்கே மனு எழுதலாம்.

இதில் எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. இடைவேளையில் வெளியே போய் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்த காலத்தில் அந்தப் பணம் தெருவுக்குப் போயிற்று. வாசலைப் பூட்டி வைத்து உள்ளே விற்கத் தொடங்கிய பிறகு, எதிர்க்கடைக்காரர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சீட்டு விலையில் வரி எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல், ₹100 வரையுள்ள சீட்டுக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. உள்ளாட்சியின் கேளிக்கை வரி இதற்கு மேல். சிறிய ஊர் அரங்குகளுக்கு இந்த 5 சதவீதம் ஒரு நல்ல வாய்ப்பு.

பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், சிலர் படத்தையே பதிவு செய்கிறார்கள். என்ன செய்வது?

பதிவு செய்வது குற்றம். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி மூன்று மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது ₹3 லட்சம் அபராதமும் உண்டு. அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். நாயகன் தோன்றும் காட்சியை எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் கல்லூரி மாணவர்களுக்கு இது தெரிவதில்லை. வீட்டில் உள்ள பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெறுமனே கைப்பேசி பார்ப்பவரிடம், "தம்பி, வெளிச்சம் கண்ணில் அடிக்குதப்பா" என்று ஒரு முறை தணிந்த குரலில் சொன்னால் பெரும்பாலானோர் அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதவரிடம் வாதாடுவதைவிட அரங்க ஊழியரை அழைப்பது நல்லது.

பெரியவர்களுக்கான படத்துக்குக் குழந்தைகளைக் கூட்டி வருகிறார்களே?

'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிரம்பாதவரை அனுமதிக்கக் கூடாது. கைக்குழந்தைக்கும் இது பொருந்தும். 'யு/ஏ' பிரிவு இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவை பெற்றோர் முடிவு செய்வதற்கான வழிகாட்டல்கள்.

கடைக்காரரிடம் எப்படி அனுமதி கேட்பது? கேமராவைக் கண்டதும் முகம் மாறிவிடுகிறதே?

மாறத்தான் செய்யும். சாலை அகலப்படுத்த அளக்க வந்தவரா, வரி அலுவலகத்திலிருந்து வந்தவரா, இடத்தை விலை பேச வந்தவரின் ஆளா என்ற ஐயம் அவருக்கு எழுவது இயற்கை. வாசலில் நிற்கும் அந்நியர் படமெடுத்துப் போன சில மாதங்களில் கடையை இழந்தவர்களை அவர் பார்த்திருப்பார். ஆகவே கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, முதலில் வாடிக்கையாளராகப் போங்கள். டீ குடியுங்கள், முடி வெட்டிக்கொள்ளுங்கள், சைக்கிளுக்குக் காற்று அடியுங்கள். பிறகு "அண்ணே, கடை எத்தனை வருசமா இருக்கு?" என்று கேளுங்கள். வயதில் மூத்தவரானால் ஐயா. கடையில் இருப்பவர் நகரத்தார் வீட்டு அம்மாள் என்றால் ஆச்சி. நீங்கள் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்பார். அதற்கு முழுமையாகப் பதில் சொல்லுங்கள். எங்கள் ஊர்களில் அந்தப் பதிலைத்தான் அடையாள அட்டையாக ஏற்றுக்கொள்வார்கள்.

அவர் சம்மதித்த பிறகும் சில எல்லைகள் உண்டு. கடன் நோட்டைப் படமெடுக்காதீர்கள். அதில் பிறர் மானம் இருக்கிறது. சவரம் செய்துகொண்டிருப்பவரிடம் தனியாகக் கேளுங்கள். சுவரில் மாலையிட்டிருக்கும் முன்னோர் படத்தை, அது யார் என்று கேட்டறிந்த பின்னரே சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வணங்கிவிட்டு வந்துவிடுங்கள். எதிர்ப்புறம் நின்று தொலைநோக்கு லென்சில் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

கடை எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் தாழ்வாரத்தின் நிழல் பெயர்ப் பலகையின் மேல் கறுப்புப் பட்டையாக விழுந்து எழுத்தை விழுங்கிவிடும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வடக்குப் பார்த்த கடைகளுக்கும் வெயில் கிடைக்கிறது. மார்கழி, தை மாதங்களில் தெற்குப் பார்த்த கடைகள் நாள் முழுவதும் வெயிலில் இருக்கும். வடக்குப் பார்த்தவை முழுக்க நிழலில் இருக்கும். மங்கிப்போன எழுத்தைப் படிக்கும்படி எடுக்க வேண்டுமானால் அந்த நிழல்தான் சிறந்தது. கிழக்கு, மேற்குப் பார்த்தவற்றுக்குக் காலை ஏழரை மணியும் மாலை ஐந்து மணியும் பொருந்தும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டம். வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்ததும், சுண்ணாம்புச் சுவரின் நீலமும் காவியும் வெயிலில் இல்லாத ஆழத்தோடு தெரியும்.

என்ன கேமரா வேண்டும்?

கைப்பேசியே போதும். மிக அகன்ற லென்சைப் பயன்படுத்தாமல் சாலையின் எதிர்ப்புறம் போய், கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். இரு பக்கத்துக் கடைகளும் சிறிது தெரியட்டும். குழல் விளக்கு எரியும் கடைக்குள் படத்தில் கோடு கோடாக விழுந்தால், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்; நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது.

மூடிய திரையரங்கில் எதை எடுக்க வேண்டும்?

உரிமையாளரின் அனுமதியோடும், இன்னொருவர் துணையோடும் மட்டுமே உள்ளே போங்கள். கூரையில் கல்நார் ஓடு உடைந்து கிடந்தால் அதைத் தொடவோ மிதிக்கவோ கூடாது. திரையையும் இருக்கைகளையும் எல்லோரும் எடுப்பார்கள். நான் எடுக்கச் சொல்வது வேறு: சீட்டுக் கவுண்டருக்குப் போகும் ஒடுங்கிய சுவர்ப் பாதை, அதில் பல்லாயிரம் தோள்கள் உரசி வழவழப்பான சுவரின் மேற்பகுதி, வகுப்புவாரியாகத் தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று விலை எழுதிய பலகை, உரிம எண்ணும் முடிவுத் தேதியும் எழுதிய சுவர், ஆபரேட்டர் அறையில் கார்பன் குச்சி எரித்த விளக்குப் பெட்டி. கார்பன் குச்சி எரியும்போது கரைந்துகொண்டே வரும், ஆபரேட்டர் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னாள் ஆபரேட்டர் ஊரில் இருந்தால் அவரை அழைத்துச் சென்று, அந்தக் கருவியின் அருகில் நிற்கவைத்து எடுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தோடு என்ன குறிப்பு எழுத வேண்டும்?

தேதி, சாலையின் பெயர், கடை பார்க்கும் திசை, பலகையில் உள்ள எழுத்து உள்ளபடியே, அங்கே என்ன விற்றது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எதிரே கொட்டகை இருந்ததானால் அதன் பெயர். பலகையை எழுதியவர் பெயர் மூலையில் இருக்கும். அதைத் தனியாக அருகில் போய் எடுங்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தக் கலைஞர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க அந்த மூலைக் கையெழுத்துதான் வழி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கட்டடத்தைப் படமெடுத்து வெளியிட இடம் தருகிறது. சுவரில் வரைந்த ஓவியம் தனியொருவரின் படைப்பு என்பதால், அதை மட்டும் பெரிதாக்கி வெளியிடும்போது வரைந்தவரைத் தேடி ஒப்புதல் பெறுவதே முறை.

பழைய தகரப் பலகைகளையும் எனாமல் பலகைகளையும் வாங்கிப் பாதுகாக்கலாமா?

கடை மூடி, குடும்பத்தார் தாமாக விற்றால் வாங்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அப்படி வந்தவையும் இருக்கும். இன்னும் நடக்கும் கடையின் பலகைக்கு விலை பேசாதீர்கள். நகரத்து உணவகத்தின் சுவரில் அழகுக்கு மாட்டிய பலகையைப் பார்த்து, அது எந்தச் சாலையில், எந்தக் கொட்டகைக்கு எதிரே நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

எடுத்த படங்களை என்ன செய்வது?

முதல் பிரதி கடைக்காரருக்கு. கைப்பேசியில் அனுப்பினால் போதாது. தாளில் அச்சிட்டு, பின்பக்கம் தேதியும் இடமும் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடுமானவரை ஊரில் இன்னும் நடக்கும் போட்டோ ஸ்டூடியோவிலேயே அச்சிடுங்கள். அதுவும் நம் பட்டியலில் இருக்க வேண்டிய கடைதான். குறிப்புகளோடு சேர்த்து ஒரு தொகுப்பை உள்ளூர் நூலகத்திலோ கல்லூரியிலோ கேட்டுப் பார்த்துக் கொடுத்து வையுங்கள். விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ ஒருவர் படத்தைக் கேட்டால், கடைக்காரரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கி, வரும் பணத்தில் அவருக்கும் பங்கு கொடுங்கள்.